வழக்கு வென்றது, பஞ்சு தோற்றது!

பஞ்சைவிட இலேசான பொருள் வேறு உண்டா? ஊதினால் பறக்கும். ஆனால் அந்தப் பஞ்சை ஜெனீவா நகரத்துத் தராசிலே வைத்தபோது, உலகத்தின் மிகப் பெரிய வல்லரசு பன்னிரண்டு ஆண்டுக் காலம் தடுமாறியது. வழக்கு நடந்தது. வல்லரசு தோற்றது. தீர்ப்பு வந்தது. தண்டமும் கட்டியாயிற்று. ஆனால் உலகிலேயே எந்த ஏழை அதிகமாக அடிபட்டானோ, அந்த ஏழையின் கைக்கு அந்த வழக்கிலிருந்து ஒரு காசும் போய்ச் சேரவில்லை!

இது கற்பனையல்ல, தோழர்களே! 2002ஆம் ஆண்டு தொடங்கி 2014ஆம் ஆண்டு வரை, ஊரறிய உலகறிய நடந்த நிகழ்ச்சி.

‘தடையில்லா வாணிபம்’, ‘பன்னாட்டு ஒப்பந்தம்’, ‘உலகச் சந்தை’ என்றெல்லாம் ஏட்டிலே கண்டதும், இது கோட்டும் டையும் அணிந்தவர்களின் விவகாரம், நூற்பாலையிலே நிற்கிறவனுக்கும் பனியன் கம்பெனியிலே தையல் இயந்திரத்தின் முன்னே குனிந்திருப்பவனுக்கும் இதிலே என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோர் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பஞ்சின் கதையைச் சொல்கிறோம். உலக வாணிபம் என்பது என்ன, அதை ஆள்வோர் யார், அதன் சட்டம் யாருக்குப் பாயும், யாருக்குப் பதுங்கும் என்பதை இந்த ஒரு வழக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

விதி எழுதிய கைகள்

முதலிலே, இந்த விதிகளெல்லாம் எங்கே பிறந்தன என்று பார்ப்போம்.

1944 ஜூலையில், இரண்டாம் உலகப் போர் ஓயுமுன்பே, அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊரிலே 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். இந்தியக் குழுவிலே கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கேதான் உருவாயின. பணத்துக்கு ஒரு வீடு, கடனுக்கு ஒரு வீடு கட்டியாயிற்று. வாணிபத்துக்கும் ஒரு வீடு வேண்டாமா? அதற்காகக் கியூபாவின் ஹவானா நகரிலே மாநாடு கூடியது. 1948 மார்ச்சில் 53 நாடுகள் ஒரு சாசனத்திலே கையெழுத்திட்டன. அந்தச் சாசனத்திலே வேலைவாய்ப்புப் பற்றி விதி இருந்தது. தொழிலாளரின் நிலைமை பற்றி விதி இருந்தது. விளைபொருள்களின் விலை சரிந்து விழாமல் காக்கும் ஒப்பந்தங்கள் பற்றியும் விதி இருந்தது.

அந்தச் சாசனம் என்ன ஆயிற்று? அமெரிக்கச் சட்டமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1950 டிசம்பரில் ட்ரூமன் அரசு அதைக் கைவிட்டது. வீடு கட்டி முடியவில்லை. திண்ணை மட்டும் மிஞ்சியது. 1947 அக்டோபர் 30ஆம் நாள் ஜெனீவாவிலே 23 நாடுகள் கையெழுத்திட்ட ‘காட்’ என்னும் தீர்வை ஒப்பந்தம்தான் அந்தத் திண்ணை. அந்த 23இல் இந்தியாவும் ஒன்று. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கியது. உலக வாணிபம் அந்தத் திண்ணையிலேயே 47 ஆண்டுகள் குந்தியிருந்தது!

‘காட்’ ஒப்பந்தத்தின் தலையாய விதி என்ன? ஓர் உறுப்பு நாட்டுக்குத் தரும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தரவேண்டும். ஆளுக்கொரு தீர்வை, முகத்துக்கொரு சட்டம் கூடாது. நல்ல விதி. யார் மறுப்பார்கள்? ஆனால் வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்களே, அந்த வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டப்பட்டது என்று பாருங்கள்.

1955இல் அமெரிக்கா தன் வேளாண்மைக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. எத்தனை ஆண்டுக்கு? கெடுவே இல்லாத விலக்கு! பருத்திக் காடு இவ்விதம் விதிக்கு வெளியே போயிற்று.

காடுதான் போயிற்று, துணியாவது விதிக்குள்ளே இருந்ததா? அதுவும் இல்லை. ஏழை நாடுகள் துணி நெய்து அனுப்பத் தொடங்கியதும், பணக்கார நாடுகளுக்கு அச்சம் வந்துவிட்டது. 1961இல் பருத்தித் துணிக்குக் குறுகிய கால ஏற்பாடு ஒன்று செய்தார்கள். 1962இல் நீண்ட கால ஏற்பாடு. 1974இல் பல்லிழை ஒப்பந்தம். பெயர் மாறியது, பூட்டு மாறவில்லை. இந்த நாட்டிலிருந்து இத்தனை உருப்படிதான் வரலாம் என்று கணக்கு வைத்துக் கதவைச் சாத்தினார்கள். திருப்பூரிலே பனியன் ஏற்றுமதி வளர்ந்த நாட்களிலே, ‘கோட்டா’ என்ற சொல்லைக் கேட்காத கம்பெனி இருந்திருக்குமா? உழைக்கக் கை இருந்தது, ஓட இயந்திரம் இருந்தது, வாங்க ஆள் இருந்தான். அனுப்பத்தான் அளவு இருந்தது! அந்தப் பூட்டு 2004 டிசம்பர் 31 அன்றுதான் முழுவதும் கழன்றது. தடையில்லா வாணிபம் என்று மேடையிலே பேசியவர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துணிக்குத் தடை போட்டிருந்தார்கள் என்பதைத் தோழர்கள் மறக்கலாகாது.

தாழ்ந்த விலை, தாங்கிய கை

1995 ஜனவரி 1 அன்று ‘காட்’ போய், உலக வர்த்தக அமைப்பு வந்தது. 2024இல் அதன் உறுப்பு நாடுகள் 166. பன்னாட்டு நிதியத்திலே பணத்துக்குத் தக்கபடி வாக்கு. அமெரிக்காவின் பங்கு நூற்றுக்கு 16க்கும் மேல். முக்கியமான மாறுதலுக்கு நூற்றுக்கு 85 வாக்கு வேண்டும். அமெரிக்கா தலையசைக்காமல் அங்கே எதுவும் நகராது. உலக வர்த்தக அமைப்பிலே அப்படியில்லை; எல்லா நாட்டுக்கும் ஒரே மதிப்பு, எல்லாரும் ஒப்பினால்தான் முடிவு என்றார்கள். அதைவிடப் பெரிய செய்தி, அங்கே ஒரு நீதிமன்றம்! விதியை மீறியவர் யாராயினும் வழக்குத் தொடரலாம். தீர்ப்பு பிடிக்காவிட்டால், 7 நடுவர் கொண்ட மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம். சின்ன நாடும் பெரிய நாட்டைக் கூண்டில் ஏற்றலாம் என்றார்கள்.

ஏற்றத்தான் செய்தார்கள். எதற்காக? பஞ்சுக்காக.

அமெரிக்காவிலே அன்று பருத்தி பயிரிட்டோர் சுமார் 25,000 பேர். அவர்களுக்கு அரசாங்கம் பல பெயர்களிலே மானியம் கொடுத்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இராத்தல் ஒன்றுக்கு 72.4 சென்ட் என்று குறிவிலை வைத்தது. அதற்குச் சற்று முன்பு, 2001ஆம் ஆண்டின் கடைசியிலே, உலகச் சந்தையில் பஞ்சின் விலை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்துகிடந்தது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம்! அந்தப் பள்ளத்தைக் கருவூலப் பணத்தால் நிரப்பினார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்கப் பஞ்சை வாங்கும் ஆலைக்காரருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும்கூடக் கையிலே பணம் கொடுத்தார்கள்!

இதனால் என்ன விளையும்? விலை விழுந்தால் சாதாரண விவசாயி அடுத்த ஆண்டு பருத்தியைக் குறைத்து வேறு பயிர் போடுவான், வரத்துக் குறையும், விலை நிமிரும். ஆனால் கருவூலம் தாங்கிப் பிடிக்கும் விவசாயி குறைப்பானா? விலை விழ விழ விதைப்பான். பஞ்சு சந்தையிலே வந்து குவியும். குவியக் குவிய விலை எழுந்திருக்காது. அமெரிக்கக் கருவூலம் தன் விவசாயிக்குக் கொடுக்கும் பணத்துக்கு, ஆப்பிரிக்காவின் விவசாயி தன் வயிற்றிலிருந்து வட்டி கட்டுவான். மானியம் என்னும் மாயம் இதுதான்.

அமெரிக்கா மட்டும்தானா என்று கேட்பார்கள். இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் கிரேக்கத்துப் பருத்திக்கும் ஸ்பெயின் பருத்திக்கும் கொடுத்தது. சீனாவும் கொடுத்தது. ஆனால் ஏற்றுமதிச் சந்தையிலே முதலிடத்தில் நின்றது அமெரிக்கப் பஞ்சு. ஆகவே அடியும் அங்கிருந்தே பலமாக விழுந்தது.

நால்வர் கேட்ட நியாயம்

மேற்கு, நடு ஆப்பிரிக்காவிலே பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்று நான்கு நாடுகள். பஞ்சுதான் அவர்களுடைய பணப்பயிர். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் பஞ்சிலிருந்து, மருந்துச் செலவும் பஞ்சிலிருந்து. அந்த வட்டாரத்திலே பருத்தியை நம்பி வாழ்வோர் ஒரு கோடிப் பேர் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் 25,000 பேர், மறு பக்கம் ஒரு கோடிப் பேர்! தராசின் எந்தத் தட்டு தாழவேண்டும்?

2003 ஜூன் 10 அன்று புர்கினா ஃபாசோவின் குடியரசுத் தலைவர் பிளேஸ் கம்பாவோரே, தானே ஜெனீவாவுக்கு வந்து உலக வர்த்தக அமைப்பின் முன்னே நின்றார். நால்வரின் கோரிக்கை என்ன? பிச்சையல்ல, கடனல்ல. மானியத்தைப் படிப்படியாக ஒழியுங்கள். ஒழியும் வரையில் எங்கள் இழப்புக்கு ஈடு கொடுங்கள். அவ்வளவுதான்.

அதே ஆண்டு செப்டம்பரிலே மெக்சிகோவின் கான்கன் நகரில் அமைச்சர்கள் மாநாடு. அங்கே தயாரான வரைவிலே, நால்வருக்குக் கிடைத்த விடை என்ன தெரியுமா? பஞ்சை நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்கும் மாறுவதற்கு உலக வங்கி போன்ற நிறுவனங்களின் திட்டங்களைத் திருப்பிவிடலாம் என்று எழுதினார்கள்! அடிக்கிறவனைத் தடுக்கச் சொன்னால், அடிபடுகிறவனை ஊர் மாறச் சொல்வதா? கான்கன் மாநாடு முறிந்தது. வேறு பிணக்குகளும் அதற்குக் காரணம் என்றாலும், அந்த முறிவிலே பஞ்சுக்கும் பங்கு இருந்தது.

பிறகு 2005 டிசம்பரில் ஹாங்காங் மாநாடு. பஞ்சுக்கான ஏற்றுமதி மானியத்தைப் பணக்கார நாடுகள் 2006இல் ஒழிக்கும் என்றும், உள்நாட்டு மானியத்தை மற்றப் பயிர்களைவிட வேகமாகக் குறைக்கும் என்றும் எழுதினார்கள். முன்னது நடந்தது, பெரும் பணம் பாய்ந்தது பின்னதிலே, அது பேச்சோடு நின்றது.

வென்றவன் யார்?

இதற்கிடையே, 2002 செப்டம்பரிலேயே பிரேசில் நாடு அமெரிக்காவின் மீது வழக்குப் போட்டுவிட்டது. 1999 முதல் நான்கு பருவங்களிலே மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் பருத்திக்குக் கொட்டியிருக்கிறார்கள் என்று குற்றம் சாட்டியது. பெனினும் சாட்டும் அந்த வழக்கிலே மூன்றாம் தரப்பாக வந்து நின்றன. 2004 செப்டம்பரில் தீர்ப்பு: மானியத்திலே சில வகைகள் அறவே தடை செய்யப்பட்டவை, வேறு சில, உலக விலையை அமுக்கியவை. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. 2005 மார்ச் 3 அன்று மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதி செய்தது.

வல்லரசைக் கூண்டிலேற்றிக் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பு! வரலாற்றிலே சிறிய செய்தியல்ல.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? ஆலைக்காரருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் கொடுத்துவந்த பணத்தை 2006இல் நிறுத்தினார்கள். மற்றவை தொடர்ந்தன. பிரேசில் மீண்டும் மன்றம் ஏறியது, மீண்டும் வென்றது. 2009இல் பதிலடி கொடுக்க அனுமதியும் பெற்றது. 2010 மார்ச்சில், ஏறத்தாழ 83 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி என்று அறிவித்தது. அமெரிக்கச் சரக்குகளுக்குத் தீர்வை உயரும். காப்புரிமை போன்ற உரிமைகளிலும் கைவைப்போம் என்றது.

அப்போதுதான் வாஷிங்டன் விழித்தது. மானியத்தை நிறுத்திற்றா? இல்லை! ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் பிரேசிலின் பருத்தி நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம், பதிலடி வேண்டாம் என்று பேசி முடித்தது. தன் விவசாயிக்கும் மானியம், வழக்குப் போட்டவனின் விவசாயிக்கும் பணம்! 2014 அக்டோபரில் 30 கோடி டாலர் ஒரே தவணையாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். நடப்பிலிருந்த வேளாண் சட்டம் முடியும் வரை புது வழக்குப் போடமாட்டோம் என்று பிரேசிலும் ஒப்பியது. 2018இல், ‘விதைப் பருத்தி’ என்ற பெயரிலே அமெரிக்கப் பருத்தி மறுபடியும் மானியப் பட்டியலுக்குள்ளே நுழைந்துவிட்டது.

பிரேசிலுக்குப் பணம் கிடைத்தது. அதைக் குறை சொல்லவில்லை. அது போராடிப் பெற்றது. ஆனால் பெனினுக்கு என்ன கிடைத்தது? மாலிக்கு என்ன கிடைத்தது? தீர்ப்பின் படி ஒன்று கிடைத்தது.

ஏன் இப்படி? இந்த மன்றத்துக்குச் சேவகன் இல்லை, சிறை இல்லை, ஜப்தி செய்ய அதிகாரி இல்லை. வென்றவனே பதிலடி கொடுத்துக்கொள்ளவேண்டும். பதிலடி என்றால் என்ன? தோற்ற நாட்டின் சரக்குக்குத் தீர்வை உயர்த்துவது. பிரேசில் உயர்த்தினால் அமெரிக்க முதலாளிக்கு வலிக்கும்; அங்கே அவன் விற்பது அதிகம். புர்கினா ஃபாசோ உயர்த்தினால் யாருக்கு வலிக்கும்? தனக்கே வலிக்கும்! ஒரே சட்டம், ஒரே தீர்ப்பு. ஆனால் கையிலே தடி வைத்திருந்தவனுக்குத்தான் அது பலித்தது.

நால்வர் விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அவர்களுடைய முயற்சியால் 2019 அக்டோபர் 7 அன்று உலக வர்த்தக அமைப்பிலே ‘உலகப் பருத்தி நாள்’ கொண்டாடப்பட்டது. 2021இல் ஐக்கிய நாடுகள் சபையும் அதை ஏற்றது. நல்லது. ஆனால் கேட்டது நியாய விலை. கிடைத்தது காலண்டரிலே ஒரு தேதி!

நாற்காலி காலியாயிற்று

அத்தனை குறை இருந்தும், அந்த மன்றம் வல்லரசுக்கு உறுத்தலாகவே இருந்தது. பஞ்சிலே மட்டுமல்ல, வேறு பல வழக்குகளிலும் அமெரிக்கா தோற்றிருந்தது. நடுவர்கள் எல்லை மீறுகிறார்கள் என்று சொல்லி, பதவிக்காலம் முடிந்தவர்களின் இடத்தில் புதியவர்களை அமர்த்த அமெரிக்கா ஒப்பவில்லை. எல்லாரும் ஒப்பினால்தான் முடிவு என்ற விதி, அங்கே ஒருவர் போட்ட முட்டுக்கட்டையாயிற்று. மேல்முறையீட்டை விசாரிக்க 3 நடுவர் வேண்டும். 2019 டிசம்பர் 11 முதல் அந்த மூவர் இல்லை. 2020 நவம்பர் 30 அன்று கடைசி நடுவரும் எழுந்து போனார். நாற்காலிகளை நிரப்புங்கள் என்று 130 நாடுகள் சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தன. மாதந்தோறும் கொண்டுவந்தன. மாதந்தோறும் ஒரே விடை: முடியாது!

மேல்முறையீடு செய்துவிட்டால் போதும்; விசாரிக்க ஆளில்லை, தீர்ப்பு அந்தரத்திலே தொங்கும். இந்தத் தந்திரத்தை மற்ற நாடுகளும் கற்றுக்கொண்டன. சர்க்கரை வழக்கிலே தோற்ற இந்தியாவும் 2022 ஜனவரியில் அந்தக் காலி மன்றத்துக்குத்தான் மேல்முறையீடு செய்தது. உண்மையை மறைப்பானேன்?

பிறகு வந்தது 2025. ஏப்ரல் 2 அன்று, நாட்டுக்கு ஒரு தீர்வை என்று பட்டியல் போட்டு அறிவித்தார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். ஆளுக்கொரு தீர்வை கூடாது என்ற 1947ஆம் ஆண்டு விதி அன்றைக்கே காற்றிலே பறந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது நூற்றுக்கு 50! பனியனும் அதிலே, படுக்கை விரிப்பும் அதிலே, இறாலும் அதிலே. அந்த விகிதம் எத்தனை நாள் நின்றது என்பதல்ல நம் கேள்வி. ஒரே அறிவிப்பிலே கொங்கு நாட்டு நெசவுக்கும் தையலுக்கும் ஆர்டர் ஆட்டம் காணும்போது, முறையிட ஒரு வாசற்படி வேண்டாமா? வாசற்படி இருந்தது, உள்ளே நடுவர்தான் இல்லை.

அதே ஆகஸ்ட் 19 முதல் அந்த ஆண்டு முடியும் வரை, வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த நூற்றுக்கு 11 இறக்குமதித் தீர்வையை இந்திய அரசு நீக்கிவைத்தது. ஆலைகள் வரவேற்றன; பருத்தி விவசாயிகள் எதிர்த்தனர். யார் பக்கம் நியாயம்? மலிவான பஞ்சு வந்தால் ஆலை ஓடும், தொழிலாளிக்கு வேலை நிற்கும். விலை விழுந்தால் விவசாயிக்குப் போட்ட முதல் வராது. இருவரும் நம்மவர்கள். கோவைத் தொழிலாளியையும் பருத்திக் காட்டு விவசாயியையும் மோதவிடுவது எது? எங்கோ ஒரு கருவூலத்துப் பணத்தால் தாழ்த்தப்பட்ட விலை! அதை மறந்துவிட்டு நமக்குள்ளே அடித்துக்கொள்வது அறிவாகாது.

என்ன செய்வது?

தீர்ப்புப் பலிக்கவில்லை, ஆகவே மன்றமே வேண்டாம், விதியே வேண்டாம் என்று சொல்வார் உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. விதி இல்லாத சந்தையிலே இளைத்தவனுக்கு இடமே இல்லை. மன்றம் பயனற்றதாக இருந்தால், வல்லரசு ஏன் அதன் நாற்காலிகளைக் காலி செய்தது? உறுத்தாத முள்ளை யாரும் பிடுங்குவதில்லை. தராசு கோணல் என்றால் முள்ளை நிமிர்த்தவேண்டும். தராசை உடைத்துவிட்டால் கண்ணளவுதான், கண்ணளவு என்றால் கைவலுத்தவன் அளவுதான்!

ஆகவே வேண்டியவை மூன்று. நடுவர் நாற்காலிகள் நிரம்பவேண்டும். வென்ற ஏழை நாட்டுக்காக மற்ற நாடுகளும் சேர்ந்து பதிலடி கொடுக்கும் வகையிலே விதி மாறவேண்டும். அல்லது தோற்றவன் பணமாகவே ஈடு கட்டவேண்டும். ஹாங்காங்கிலே பஞ்சுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவேண்டும்.

யார் செய்வார்கள்? 2003இல் கான்கனிலே இந்தியாவும் பிரேசிலும் வேறு பல நாடுகளும் ஓரணியில் நின்றபோது, பணக்கார நாடுகளின் வரைவு நகரவில்லை. அந்த ஒற்றுமைதான் ஏழையின் தடி. அப்படி நிற்பவர்கள் தம் வீட்டையும் ஒழுங்காக வைத்திருக்கவேண்டும். பருத்திக்கான ஆதரவு விலைக் கணக்கை இந்தியா குறைத்துக் காட்டியதாக 2018இல் அமெரிக்கா ஜெனீவாவிலே குற்றம் சாட்டியது. கோடிகளைக் கொட்டியவன் கணக்குக் கேட்கிறான் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கணக்கையும் சரியாக வைக்கவேண்டும். நியாயம் கேட்கிறவனின் கை சுத்தமாக இருப்பது அவனுக்கே பலம்.

டெக்சாஸ் மாநிலத்துச் சிறு விவசாயி நமக்குப் பகைவனல்ல. மானியத்தின் பெரும் பகுதி அவனைத் தாண்டிப் பெரும்பண்ணைகளுக்குத்தான் போயிற்று. மாலி நாட்டிலே பருத்தி பறிக்கும் கையும், நூற்பாலையிலே நூல் முடிச்சுப் போடும் கையும், திருப்பூரிலே காலர் தைக்கும் கையும் ஒரே பஞ்சைத்தான் தொடுகின்றன. அந்தக் கைகள் ஒன்றையொன்று அறியாத வரையில் விலையை வேறு யாரோ எழுதுவார்கள். இனி ‘பன்னாட்டு ஒப்பந்தம்’ என்று ஏட்டிலே கண்டால் பக்கத்தைப் புரட்டாதீர்கள், தோழர்களே! யார் எழுதினார்கள், யாருக்கு விலக்கு, தீர்ப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆலை வாயிலிலே கேளுங்கள், தேநீர்க் கடையிலே கேளுங்கள், வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் கேளுங்கள்!